பூஞ்சை உடலுக்குள் உருமாறுவது ஏன்: ஒரு மைக்ரான் கணக்கு

"வெளியே இழை, உள்ளே ஈஸ்ட்." நோய்ப் பூஞ்சைகளைப் பற்றி மைக்ரோபயாலஜி படித்தவர்கள் மனப்பாடமாக வைத்திருக்கும் சூத்திரம் இது. உடலுக்கு வெளியே நீண்ட நூலாகவும், உள்ளே மொட்டு விட்டுப் பெருகும் உருண்டைத் தனிச் செல்லாகவும் இருக்கும் என்று பொருள். தேர்வில் இரண்டு மார்க் வாங்க இது போதும், மைக்ரோஸ்கோப் முன்னால் உட்கார்ந்தால் போதாது. கேண்டிடா அல்பிகன்ஸ் நேர் எதிராக நடக்கிறது. திசுவைத் துளைக்கும்போதுதான் இழை விடுகிறது. ஆஸ்பெர்ஜில்லஸுக்கு வெளியிலும் இழைதான், நுரையீரலிலும் இழைதான். காக்சிடியாய்டிஸ் உடலுக்குள் ஈஸ்டாக மாறுவதே இல்லை. கிரிப்டோகாக்கஸ் உள்ளேயும் ஈஸ்டாகவே இருக்கிறது; ஆனால் அதில் சில செல்கள் மட்டும் ஐந்து, பத்து மடங்கு ஊதிப் பெருத்துவிடுகின்றன.

இத்தனையையும் ஒரே கயிற்றில் கட்ட முடியும் என்றுதான் நினைக்கிறேன். ஆனால் அந்தக் கயிறு 37 டிகிரி உடல் வெப்பம் அல்ல, மைக்ரான், அதாவது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. உடலின் காவல் செல்களில் மேக்ரோபேஜ் ஏறக்குறைய 20 மைக்ரான் குறுக்களவு உள்ளது. நியூட்ரோபில் 12 முதல் 15. தங்களைவிடச் சிறியதை இவை சுலபமாக விழுங்கும். தங்களைவிடப் பெரியதிடம் திணறும். ஆக பூஞ்சையின் முன்னால் நிற்கும் கேள்வி ஒன்றுதான்: விழுங்கப்படலாமா, கூடாதா? ஒவ்வொரு இனமும் அதற்குத் தனக்கென ஒரு பதில் வைத்திருக்கிறது. ஸ்லைடில் நாம் பார்க்கும் வடிவம் அந்தப் பதில்தான். வெப்பம், கார்பன் டை ஆக்சைடு, பிஎச் எல்லாம் "உடம்புக்குள் வந்தாயிற்று" என்று பூஞ்சைக்குப் போகும் தகவல்கள், அவ்வளவே.

உள்ளே வருவதற்கும் இதே கணக்குதான். மூச்சோடு போகும் துகள் நுரையீரலின் காற்றுப் பை வரை இறங்க வேண்டுமானால் சுமார் 5 மைக்ரானுக்குள் இருக்க வேண்டும். பெரியவை மூக்கிலும் மூச்சுக்குழலின் சளியிலும் ஒட்டிக்கொண்டு வெளியேறிவிடும். அதனால்தான் மண்ணில் நீண்ட இழையாகக் கிடக்கும் பூஞ்சை 2 முதல் 5 மைக்ரான் வித்துகளைக் காற்றில் விடுகிறது. நாம் மூச்சில் இழுப்பது பெரும்பாலும் அந்த வித்தைத்தான். உருமாற்றம் தொடங்குவது அங்கிருந்துதான்.

விழுங்கப்படுவதையே விரும்பும் பூஞ்சைக்கு நல்ல உதாரணம் ஹிஸ்டோபிளாஸ்மா. பறவை, வௌவால் எச்சம் படிந்த மண்ணில் இழையாக வளர்ந்து, சிறிய வித்துகளோடு 8 முதல் 15 மைக்ரான் அளவில், மேலெல்லாம் முண்டு முண்டாக இருக்கும் பெரிய வித்துகளையும் தருகிறது. சிறிய வித்து காற்றுப் பைக்குப் போனதும் மேக்ரோபேஜ் அதை விழுங்குகிறது. அங்கே அது 2 முதல் 4 மைக்ரான் ஈஸ்டாக மாறி, விழுங்கிய பைக்குள்ளேயே பெருகுகிறது. பையின் அமிலத்தன்மை ஏறவிடாமல் பார்த்துக்கொள்கிறது. செல் சுவரில் இருக்கும் பீட்டா குளுக்கான் என்ற சர்க்கரைச் சங்கிலியைத்தான் காவல் செல்லின் டெக்டின்-1 என்ற உணர்வான் அடையாளம் காணும். இந்த ஈஸ்ட் அதன் மேல் ஆல்பா குளுக்கானைப் போர்த்தி மறைத்துவிடுகிறது.

இந்த மாற்றம் அலுங்காமல் நடப்பதில்லை. இழையை 25 டிகிரியிலிருந்து 37-க்கு மாற்றினால் முதலில் செல்லுக்கு அதிர்ச்சிதான். மைட்டோகாண்ட்ரியாவில் ஆற்றல் உற்பத்தி தடுமாறி, செல்லின் ஆற்றல் நாணயமான ஏடிபி அளவு விழுகிறது. ஆர்என்ஏ, புரத உற்பத்தி கிட்டத்தட்ட நின்றுபோகிறது. சில நாள் செல் தூங்குவதுபோல் கிடக்கும். சிஸ்டீன் போன்ற கந்தகம் உள்ள சேர்மம் கிடைத்தால்தான் சுவாசம் மீண்டும் ஓடத் தொடங்கி, ஈஸ்ட் வெளிவரும். லேப் தட்டில் வளர்த்த பூஞ்சையை (கல்ச்சரை) ஈஸ்டாக மாற்றப் பார்த்து "எதுவும் வளரவில்லை" என்று நாலாம் நாளே தட்டை வீசுகிறவர்கள் கவனிக்க வேண்டிய இடம் இது. இரத்தம் சேர்த்த பிரெய்ன் ஹார்ட் இன்ஃப்யூஷன் அகார் என்ற ஊட்டக் கூழில், ஈரம் காயாமல், சில நாளுக்கு ஒருமுறை புதிய தட்டுக்கு மாற்றிக்கொண்டே வர வேண்டும். வாரக்கணக்கில் ஆகலாம். அப்படியும் நோயாளிகளிடமிருந்து பிரித்தெடுத்த சில ஐசொலேட்டுகள் பாதி மாறி நிற்கும், இழையும் ஈஸ்டும் கலந்து. அதனால்தான் பல லேப்கள் இந்த வேலையை விட்டுவிட்டு டிஎன்ஏ சோதனைக்குப் போய்விட்டன. குறை சொல்ல ஒன்றுமில்லை.

மாற்றமே நோய்க்குக் காரணமா, அல்லது கூட வரும் அடையாளம் மட்டும்தானா? 2006-இல் டிஆர்கே1 என்ற ஹிஸ்டிடின் கைனேஸ் (சூழல் மாற்றத்தை உணர்த்தும் புரதம்) மரபணுவை ஹிஸ்டோபிளாஸ்மாவிலும், அதைப்போலவே உடலுக்குள் ஈஸ்டாகும் பிளாஸ்டோமைசிஸிலும் அடக்கிப் பார்த்தார்கள். பூஞ்சை 37 டிகிரியிலும் இழையாகவே நின்றது. எலிகளில் நோய் உண்டாக்கும் திறன் போய்விட்டது. அதற்கு முன்பே, கந்தகத் தொகுதிகளைத் தடுக்கும் ஒரு பாதரசச் சேர்மத்தால் ஹிஸ்டோபிளாஸ்மாவின் மாற்றத்தை நிரந்தரமாக நிறுத்தி இதே முடிவைக் கண்டிருந்தார்கள். ஆக இந்த இனங்களில் வடிவம் மாறாவிட்டால் நோய் இல்லை. இதை எல்லாப் பூஞ்சைக்கும் நீட்டுவதுதான் தப்பு.

பெயர் வைத்த கதை ஒன்று இங்கே பொருத்தம். பனாமாவில் 1905-இல் சாமுவேல் டார்லிங் ஒரு பிரேதப் பரிசோதனையில் செல்களுக்குள் சின்னச் சின்ன உருவங்களைப் பார்த்தார். லீஷ்மேனியா மாதிரி ஒரு புரோட்டோசோவா, அதாவது ஒற்றைச் செல் ஒட்டுண்ணி என்று நினைத்தார். சுற்றிலும் தெரிந்த வெளிச்ச வளையத்தை உறை என்று எடுத்துக்கொண்டு ஹிஸ்டோபிளாஸ்மா கேப்சுலேட்டம் என்று பெயர் சூட்டினார். அது புரோட்டோசோவாவும் இல்லை, அதற்கு உறையும் இல்லை. திசுவைப் பதப்படுத்தும்போது செல்லின் உள்பொருள் சுருங்கி விலகியதால் வந்த வளையம் அது. 1892-இல் அர்ஜென்டினாவில் அலெஹாந்த்ரோ போசாதாஸ் பார்த்த காக்சிடியாய்டிஸுக்கும் இதே கதி. அதன் பெயரே காக்சிடியா என்ற புரோட்டோசோவாவைப் போன்றது என்றுதான் பொருள் தருகிறது. அது பூஞ்சை என்று நிலைநாட்டப்பட்டது 1900-இல், கல்ச்சரில் இழை வளர்வதைப் பார்த்த பிறகு. உடலுக்குள் இருக்கும் உருவத்தை மட்டும் பார்த்தவர்களை இரண்டு பூஞ்சைகளும் ஏமாற்றியிருக்கின்றன.

காக்சிடியாய்டிஸின் பதில் ஹிஸ்டோபிளாஸ்மாவுக்கு எதிர்த்துருவம். வட, தென் அமெரிக்காக்களின் வறண்ட மண்ணில் வளரும் இழையில் ஒன்றுவிட்டு ஒரு செல் செத்து வெற்றறையாகிறது. உயிருள்ளவை பீப்பாய் வடிவில், 3 முதல் 5 மைக்ரான் நீளத்தில் உடைந்து பறக்கின்றன, இவைதான் ஆர்த்ரோகொனிடியா. நுரையீரலில் அது முதலில் உருண்டையாகிறது. பிறகு மொட்டு விடாமல் வளர்ந்துகொண்டே போகிறது. உட்கரு மட்டும் பிளந்து பிளந்து பெருக, செல் 30, 60, 80 மைக்ரான், சில நேரம் 100-ஐயும் தாண்டி ஸ்பெரூல் என்ற கோளமாகிறது. எந்த மேக்ரோபேஜும் அதை விழுங்க முடியாது. கடைசியில் சுவர் உள்நோக்கி வளர்ந்து அறை அறையாகப் பிரித்து, நூற்றுக்கணக்கான எண்டோஸ்போர்கள் உருவாகின்றன. கோளம் வெடித்ததும் 2 முதல் 5 மைக்ரான் குஞ்சுகள் வெளியே கொட்டுகின்றன. ஒவ்வொன்றும் அடுத்த கோளம்.

இங்கே ஒரு நுணுக்கம். வெடிக்கும் அந்த நேரத்தில் மட்டும்தான் இந்தப் பூஞ்சை மறுபடியும் விழுங்கத்தக்க அளவில் இருக்கிறது. நியூட்ரோபில்கள் கூட்டமாக ஓடிவருவதும் அப்போதுதான். ஸ்பெரூலின் வெளிச்சுவரில் நோயெதிர்ப்பு மண்டலம் சுலபமாகக் கண்டுகொள்ளும் ஒரு கிளைக்கோபுரதம் உண்டு. எண்டோஸ்போர் உருவாகும் கட்டத்தில் பூஞ்சை எம்இபி1 என்ற மெட்டலோபுரோட்டியேஸை (புரதத்தை வெட்டும் நொதி) சுரந்து அந்தப் புரதத்தை மேற்பரப்பிலிருந்து வெட்டி எடுத்துவிடுகிறது. சின்னதாக இருக்கும்போது முகத்தை மறை, பெரிதானபின் கவலை இல்லை. மைக்ரான் கணக்குக்கு இதைவிடத் தெளிவான சாட்சி கிடைக்காது.

வெப்பம் மட்டும் இதற்குப் போதாது. லேபில் ஸ்பெரூல் வளர்க்க கன்வர்ஸ் ஊடகம் என்ற தனித் திரவம், 37 முதல் 40 டிகிரி, 10 முதல் 20 சதவீத கார்பன் டை ஆக்சைடு எல்லாம் சேர வேண்டும். சாதாரண அகாரை 37 டிகிரியில் வைத்தால் வெள்ளைப் பஞ்சு போன்ற இழைதான் வரும், அதுவும் சில நாளிலேயே. ஆபத்து அந்தப் பஞ்சில்தான். நோயாளியிடமிருந்து இன்னொருவருக்கு இந்த நோய் சாதாரணமாகத் தொற்றாது, ஏனென்றால் ஸ்பெரூல் காற்றில் பறப்பதில்லை. ஆனால் அதே நோயாளியின் மாதிரியை வளர்த்த தட்டைத் திறந்து முகர்ந்தவருக்குத் தொற்றும். சந்தேகம் வந்த தட்டை டேப் ஒட்டி மூடி, மூன்றாம் நிலை உயிரிப்பாதுகாப்பு உள்ள இடத்துக்கு அனுப்ப வேண்டும். ஸ்லைடின் மேலேயே வளர்த்துப் பார்க்கும் ஸ்லைடு கல்ச்சர் போடவே கூடாது. புண்ணின் மேல் போட்ட மாவுக்கட்டில் சீழ் ஊறி, அங்கே அது மறுபடி இழையாக வளர்ந்துவிட்டால் கட்டைப் பிரிக்கிறவருக்கும் ஆபத்து. உடலுக்கு வெளியே வந்ததும் வெளிவடிவம் திரும்பிவிடுகிறது.

பெரிதாகி நிற்பதையே கிரிப்டோகாக்கஸ் வேறு வழியில் செய்கிறது. வழக்கமான செல் 5 முதல் 7 மைக்ரான், அதைச் சுற்றிப் பாலிசாக்கரைடு உறை. நுரையீரலுக்குள் ஒரு பகுதி செல்கள் பிரியாமலேயே டிஎன்ஏவைத் திரும்பத் திரும்பப் பிரதியெடுத்து, உறையைச் சேர்க்காமலேயே 10 மைக்ரானைத் தாண்டிப் பெருக்கின்றன. உறையோடு சேர்த்தால் 100 மைக்ரான் வரை. டைட்டன் செல் என்று பெயர். 2010-இல் இரண்டு குழுக்கள் இதை விரிவாக விவரித்தன. டைட்டன் பக்கத்தில் இருந்தாலே சாதாரணச் செல்களும் குறைவாகத்தான் விழுங்கப்படுகின்றன. அது ஈன்றெடுக்கும் மகள் செல்கள் சாதாரண அளவில்தான் இருக்கும். சிலவற்றில் குரோமோசோம் எண்ணிக்கை ஏறுமாறாக அமைந்து, மருந்தைத் தாங்கும் வகைகள் அங்கிருந்தே கிளம்பலாம். மூளைக்குப் போவது சின்னச் செல்கள். டைட்டன் நுரையீரலில் உட்கார்ந்து கோட்டையைக் காக்கும்.

இனி கேண்டிடா. அதிகம் தவறாகச் சொல்லப்படுவது இதைப் பற்றித்தான்.

அல்பிகன்ஸுக்கு மூன்று முகம்: மொட்டு விடும் ஈஸ்ட், போலி இழை, உண்மையான இழை. போலி இழை என்பது பிரியாமல் தொங்கும் நீண்ட மொட்டுகளின் சங்கிலி. ஒவ்வொரு இணைப்பிலும் இடுப்பு போல ஒரு சுருக்கம் இருக்கும். உண்மையான இழை சுமார் 2 மைக்ரான் அகலத்தில், இரு பக்கமும் இணைகோடாக ஓடும். முதல் குறுக்குச்சுவர் தாய் செல்லின் கழுத்தில் விழாமல், அதிலிருந்து முதலில் கிளம்பும் முளைக்குழாய்க்குள்ளே தள்ளி விழும். லேபில் ஒரு மதியத்தில் இதை நேரில் பார்க்கலாம். சிறிய டெஸ்ட் ட்யூபில் 0.5 மி.லி. சீரம் (இரத்தம் உறைந்தபின் பிரியும் தெளிந்த திரவம்) எடுத்து, 24 மணி நேரக் காலனியை லூப் நுனியால் லேசாகத் தொட்டு அதில் கரைத்து, 37 டிகிரியில் இரண்டிலிருந்து மூன்று மணி நேரம் வைக்க வேண்டும். பிறகு ஸ்லைடில் ஒரு துளி, மேலே கவர்ஸ்லிப், மைக்ரோஸ்கோப்பின் 40எக்ஸ் லென்ஸ். ஈஸ்டிலிருந்து பாதி அகலத்தில், மூன்று நாலு மடங்கு நீளத்தில் ஒரு குழாய் கிளம்பியிருக்கும். பார்க்க வேண்டியது நீளத்தை அல்ல, அடியை. குழாய் புறப்படும் இடத்தில் சுருக்கம் இல்லையென்றால் பாசிட்டிவ். சுருக்கம் இருந்தால் அது போலி இழை, எவ்வளவு நீளமானாலும் சரி.

இந்தச் சோதனை சொதப்புவதற்குக் காரணங்கள் எல்லாம் பூஞ்சையின் உயிரியலிலேயே இருக்கின்றன. முதல் குற்றவாளி, அள்ளிப் போடுவது. அல்பிகன்ஸ் ஃபார்னெசால் என்ற சேர்மத்தைச் சுரந்து தங்கள் கூட்டம் எவ்வளவு என்று அளக்கிறது. 2001-இல் தெரியவந்த விஷயம். கூட்டம் அதிகமானால் ஃபார்னெசால் இழை விடுவதையே தடுத்துவிடும். சீரம் பால் மாதிரி கலங்கினால் அதிகம் போட்டுவிட்டீர்கள். மெல்லிய மங்கல் போதும். அடுத்தது, ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த சீரத்தைச் சூடேறவிடாமல் நேரம் கணக்கிடுவது. பழைய கல்ச்சரும், பாக்டீரியா கலந்த காலனியும் நெகட்டிவ் காட்டும். மூன்று மணி நேரத்துக்கு மேல் மறந்து வைத்தால் இன்னொரு கேண்டிடா இனமான டிராபிகலிஸ் போலி இழை விட ஆரம்பித்து ஆளை ஏமாற்றும். டப்ளினியென்சிஸ் என்ற கேண்டிடா இனமும் பாசிட்டிவ் காட்டும். அதைப் பிரிக்க 45 டிகிரியில் வளர்த்துப் பாருங்கள், அல்பிகன்ஸ் வளரும், டப்ளினியென்சிஸ் வளராது. சுமார் 5 சதவீத அல்பிகன்ஸ் எப்படிச் செய்தாலும் முளைக்காது. கூடவே தெரிந்த அல்பிகன்ஸ் ஒன்றும் முளைக்குழாய் விடாத இனம் ஒன்றும் வைக்காத சோதனைக்கு மதிப்பில்லை.

சீரம் ஏன்? வெறும் ஊட்டக் குழம்பில் 37 டிகிரியில் வைத்தால் பெரும்பாலான செல்கள் ஈஸ்டாகவே மொட்டு விடும். உடல் வெப்பத்தில் ஹெச்எஸ்பி90 என்ற துணைப் புரதத்துக்கு வேலை கூடி, அது இழுத்துப் பிடித்திருந்த பிரேக் தளர்கிறது. சீரத்தில் இருக்கும் பாக்டீரியச் சுவர்த் துணுக்குகள் சிஒய்ஆர்1 என்ற நொதியை நேரடியாகத் தூண்டி, செல்லுக்குள் தகவல் கடத்தும் சைக்ளிக் ஏஎம்பி அளவை ஏற்றுகின்றன. கார்பன் டை ஆக்சைடும் அதே நொதியைத்தான் தொடுகிறது. இரண்டு பக்கமும் சேர்ந்து தள்ளும்போது, இழை மரபணுக்களின் மேல் உட்கார்ந்து அவற்றை அடக்கியிருக்கும் என்ஆர்ஜி1 என்ற புரதம் விலகி, எச்டபிள்யூபி1, ஏஎல்எஸ்3, இசிஇ1 என்ற அந்த மரபணுக்கள் எல்லாம் ஒன்றாகத் திறக்கின்றன.

ஒன்றாக என்பதுதான் சிக்கல். இழை வந்ததால் நோயா, இழையோடு திறந்த மரபணுக்களால் நோயா? 2016-இல் விடையில் ஒரு பகுதி கிடைத்தது. இசிஇ1 புரதத்திலிருந்து வெட்டி எடுக்கப்படும் 31 அமினோ அமிலம் நீளமுள்ள கேண்டிடலைசின் என்ற பெப்டைடுதான் (சிறிய புரதத் துண்டு) உடலின் மேற்பரப்பை மூடும் எபிதீலியச் செல்லின் சவ்வைத் துளைத்துச் சேதப்படுத்துகிறது. இசிஇ1 நீக்கப்பட்ட பூஞ்சை அழகாக இழை விடும், திசுவுக்குள் நுழையவும் செய்யும், ஆனால் செல்லைக் கொல்லாது. வடிவம் ஆயுதத்தைக் கொண்டுபோகும் வண்டி. வண்டியையே ஆயுதம் என்று எழுதிவிட்டன பல பாடநூல்கள்.

ஈஸ்ட் வடிவம் சாது என்பதும் பாதி உண்மைதான். 2003-இல் என்ஆர்ஜி1-ஐ டாக்சிசைக்ளின் என்ற மருந்து கொண்டு அணைக்கும்படி அமைத்த ஒரு ரகத்தை எலிகளின் இரத்தத்தில் செலுத்தினார்கள். ஈஸ்டாகவே பூட்டி வைத்தபோதும் அது உறுப்புகளுக்குப் பரவியது, ஆனால் எலிகள் பிழைத்தன. குடிநீரில் மருந்தைச் சேர்த்து இழை விட அனுமதித்ததும் இறந்தன. பரவுவதற்கு ஈஸ்ட், சேதத்துக்கு இழை. குடலில் அமைதியாகக் குடியிருக்கவும் ஈஸ்டுக்கே லாபம். எலிக் குடலில் இழைத் திட்டத்தை அணைத்த ரகங்கள் நன்றாகவே தாக்குப்பிடிக்கின்றன.

விழுங்கப்பட்டால் அல்பிகன்ஸ் என்ன செய்யும்? உள்ளேயே முளைத்து, சில மணி நேரத்தில் மேக்ரோபேஜைக் கிழித்து வெளியேறும். மேக்ரோபேஜும் சும்மா இருப்பதில்லை; நீண்ட இழையை வளைத்து மடித்து ஒடிக்கப் பார்க்கும்.

வடிவமே நோயறிதலாக நிற்கும் எளிய இடம், தேமலை உண்டாக்கும் மலசீசியா. ஆரோக்கியமான தோலிலும் அது ஈஸ்டாக வாழ்கிறது. எனவே தேமல் செதிலைக் கல்ச்சர் செய்து "மலசீசியா வளர்ந்தது" என்று எழுதுவதில் ஒரு பயனும் இல்லை. 10 சதவீத பொட்டாசியம் ஹைட்ராக்சைடில் செதிலைப் போட்டுப் பார்த்து, உருண்டை ஈஸ்டுகளின் கொத்துகளுக்கு நடுவே குட்டை இழைகள் தெரிந்தால் மட்டும்தான் செய்தி.

உடலுக்குள் ஈஸ்டாகும் இன்னொரு பூஞ்சையான பாராகாக்சிடியாய்டிஸில் உருமாற்றத்தை நிறுத்துவது நம் ஹார்மோன். பெண்களின் ஈஸ்ட்ரோஜன், இழை ஈஸ்டாக மாறுவதைத் தடுக்கிறது. பருவமடையும் முன் ஆண், பெண் குழந்தைகளுக்கு இந்நோய் ஏறத்தாழ சமமாக வருகிறது. பெரியவர்களில் பெரும்பாலும் ஆண்களுக்கு.

இழையாகவே வாழ்கிறவற்றில் ஆஸ்பெர்ஜில்லஸ் வித்து ரோட்ஏ என்ற நீர் விலக்கும் புரதப் போர்வையோடு வருகிறது. போர்வை இருக்கும்வரை காவல் செல்கள் அதைக் கண்டுகொள்வதில்லை. வித்து ஊறி வீங்கும்போது போர்வை கிழிகிறது. விழுங்கிக் கொல்ல நல்ல நேரம் அதுதான். தப்பித்து இழையாகிவிட்டால் நியூட்ரோபில் வெளியிலிருந்துதான் தாக்க முடியும். நியூட்ரோபில் எண்ணிக்கை விழுந்த நோயாளிகளிடம் இது பரவுவதற்குக் காரணம் இந்தக் கட்டத்தில் ஆள் இல்லாததுதான். மருந்துச் சோதனையிலும் வடிவம் குறுக்கே வரும்: எக்கினோகேண்டின் என்ற பூஞ்சைக்கொல்லி மருந்து ஆஸ்பெர்ஜில்லஸின் வளர்ச்சியை முற்றாக நிறுத்தாது, இழை நுனிகளைக் குட்டையாகவும் கிளை மண்டியும் ஆக்கும். அதனால் வளர்ச்சி முழுதும் நிற்கும் அளவைத் தேடாமல், இழைகள் இப்படி உருக்குலையும் மிகக் குறைந்த அளவைத்தான் முடிவாகப் படிக்க வேண்டும்.

இழையாகவே வாழும் இன்னொரு பூஞ்சையான மியூக்கரின் இழையில் குறுக்குச்சுவர் அநேகமாகக் கிடையாது, ஒரே நீண்ட குழாய். ஓர் இடத்தில் நசுங்கினால் உள்ளிருப்பதெல்லாம் வடிந்துவிடும். பயாப்ஸித் துண்டை வழக்கம்போல அரைத்துக் கல்ச்சர் போட்டால் பூஞ்சை செத்து, ஸ்லைடில் அகலமான இழை தெரிந்தும் தட்டில் ஒன்றும் வராது. துண்டை அரைக்காமல், ஸ்கால்பெலால் 1 மி.மீ. துணுக்குகளாக நறுக்கி நேராக அகாரில் அழுத்தி வையுங்கள்.

கடைசியாக, ரிப்போர்ட் எழுதும்போது "ஈஸ்ட் செல்கள் காணப்பட்டன" என்று மட்டும் முடிக்காதீர்கள். அளவை மைக்ரானில் எழுதுங்கள், மொட்டின் அடி எப்படி என்று எழுதுங்கள். 2 முதல் 4 மைக்ரான், ஒடுங்கிய அடி, மேக்ரோபேஜுக்குள் என்றால் ஹிஸ்டோபிளாஸ்மா. 8 முதல் 15 மைக்ரான், தடித்த சுவர், அகன்ற அடியில் ஒரே மொட்டு என்றால் பிளாஸ்டோமைசிஸ். ஒரு தாயைச் சுற்றிக் கப்பல் சுக்கான் சக்கரம் போலப் பல மொட்டுகள் என்றால் பாராகாக்சிடியாய்டிஸ். மேக்ரோபேஜுக்குள் சின்னதாக, ஹிஸ்டோபிளாஸ்மா போலவே தெரிந்து, மொட்டே இல்லாமல் சில செல்களின் நடுவில் மட்டும் ஒரு குறுக்குக்கோடு ஓடினால் டாலரோமைசிஸ் மார்னெஃபை. அது மொட்டு விடாது, நடுவில் பிளந்துதான் பெருகும். அந்தக் கோடு கண்ணில் படுவதற்குச் சில சமயம் நூறு செல்களாவது பார்க்க வேண்டியிருக்கும்.